பனிச்சறுக்குத் தலைக்கவசமும் மோதற் காப்பும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அச்சிரசினுள்ளும் பிரதானமாயது மூளை. இயற்கை அதனை எலும்பாலாகிய பேழையொன்றினுள் வைத்து, பேழைக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய உறைகளையும் தெளிந்த பாய்பொருளையும் அமைத்துக் காத்துள்ளது. மனிதன் நடக்கும்போதும் ஓடும்போதும் நேரும் வீழ்ச்சிகளுக்கு இக்காப்புப் பெரும்பாலும் போதுமானது. ஆயின், தன் கால்களால் எய்த இயலாத வேகத்தை அவன் கருவிகளின் துணையால் எய்தத் தொடங்கியபோது, இயற்கை தந்த காப்பு போதாதாயிற்று. அக்குறையை நிரப்ப எழுந்ததே தலைக்கவசம். அதன் ஆற்றலையும் அவ்வாற்றலின் எல்லையையும் ஒருங்கே விளக்கவல்ல சிறந்த எடுத்துக்காட்டு, பனிச்சறுக்குவோர் அணியும் கவசமாகும்.

பனிச்சறுக்கு வட ஐரோப்பிய மக்கள் பன்னெடுங்காலமாகப் பயின்றுவந்த கலை. நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளில் உறைபனி மூடிய நிலத்தைக் கடப்பதற்காக மக்கள் கால்களிற் பூட்டிய நீண்ட பலகைகள், பிற்காலத்தில் அல்ப்ஸ் மலைச்சாரல்களில் விளையாட்டுக் கருவிகளாயின. செப்பஞ்செய்த சரிவுகளிற் பொழுதுபோக்காகச் சறுக்குவோரும் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தை எளிதில் எய்துவர். முதன்மையான இறக்கப் போட்டிகளில் வீரர் மணிக்கு 130 கிலோமீற்றரைக் கடப்பதுமுண்டு. வழியின் இருமருங்கும் மரமும் பாறையும் நிற்கும். பனியும் பலகாற் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும்.

இவ்விளையாட்டில் நேர்ந்த இரு விபத்துக்கள் உலகறிந்தவை. 2009 மார்ச்சு மாதத்தில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஆங்கில நடிகை நற்றாஷா றிச்சாட்சன் தொடக்கநிலையாளர் பயிலும் எளிய சரிவொன்றில் வீழ்ந்தார். அவர் கவசம் அணிந்திருக்கவில்லை. வீழ்ந்தபின் எழுந்து இயல்பாகவே உரையாடினார். மருத்துவ உதவி வேண்டாவென மறுத்தார். இரண்டு நாட்களின் பின் உயிர் நீத்தார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ஏற்பட்ட குருதிப்பெருக்கே காரணம். 2013 டிசெம்பர் 29ஆம் நாள், பிரான்சு நாட்டு மெரிபெல் மலைச்சாரலில், காரோட்டப் போட்டியில் ஏழு முறை உலக வாகை சூடிய மைக்கல் ஷூமாக்கர் வீழ்ந்து பாறையில் தலை மோதுண்டார். அவர் கவசம் அணிந்திருந்தார். கவசம் இல்லாதிருப்பின் அவர் உயிருடன் வந்திரார் எனக் கிறெனோபிள் நகர மருத்துவர் கூறினர். ஆயினும் மூளைக்கு நேர்ந்த பெருங்காயத்தைக் கவசத்தால் முற்றாகத் தடுக்க இயலவில்லை.

முன்னையவர் மெதுவாகச் சறுக்கிக் கவசமின்றி வீழ்ந்தவர். பின்னையவர் கவசத்தோடு பாறையை எதிர்ப்பட்டவர். இவ்விரு நிகழ்ச்சிகளும் இரு வினாக்களை எழுப்புகின்றன. கவசம் தலையை எவ்வாறு காக்கின்றது? அக்காப்பு எவ்விடத்தில் முடிகின்றது? முதல் வினாவுக்கு விடை தெரியாதவன் கவசத்தை அணியாது விடுவான். இரண்டாவதற்கு விடை தெரியாதவன் அதனை அணிந்தும் கெடுவான்.

கவசம் எத்துணை வன்மையாயிருக்கின்றதோ அத்துணைக் காப்புண்டு என்பது பொதுமக்கள் எண்ணம். இஃது உண்மையன்று. தலைக்கு ஊறு விளைப்பது வேகமன்று; வேகம் சடுதியாக இழக்கப்படுதலே. மாடியிலிருந்து மணற்குவியலில் வீழ்பவனுக்கும் சீமெந்துத் தரையில் வீழ்பவனுக்கும் தரையை அடையுங் கணத்தில் வேகம் ஒன்றே. ஆயின் மணல் அமிழ்ந்து கொடுக்கின்றது, சீமெந்து கொடுப்பதில்லை. துடுப்பாட்டத்தில் விரைந்துவரும் பந்தைப் பிடிப்பவன் தன் கைகளைப் பின்னிழுத்துக்கொண்டே பிடிக்கின்றான். பந்து நிற்பதற்கு வேண்டிய தூரத்தையும் நேரத்தையும் அவன் இவ்வாறு நீட்டுவதனால், கையில் உறும் விசை குறைகின்றது. கவசத்தின் தத்துவமும் இதுவே.

இதனைக் கணக்கினால் தெளியலாம். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து வீழும் பொருள் தரையை அடையும்போது செக்கனுக்கு 5.42 மீற்றர் வேகம் பெறும். இவ்வேகத்தோடு வரும் தலை ஒரேயொரு மில்லிமீற்றர் தூரத்துள் சீராக நிறுத்தப்படுமாயின், அதன் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஏறக்குறைய 1,500 மடங்காகும். அதே தலை இரண்டு சென்ரிமீற்றர் தூரத்தில் நிறுத்தப்படுமாயின், அமர்முடுகல் 75 மடங்கே. நிற்பதற்கு ஆகும் நேரம் முன்னையதில் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு; பின்னையதில் ஆயிரத்தில் ஏழு பங்குக்குச் சற்று மேல். கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிதாகிய இந்த வேறுபாடே பலருக்கு உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கின்றது. ஆகவே, கவசத்தைச் செய்வோன் அணிவோனுக்கு அளிப்பது உண்மையில் இரண்டு சென்ரிமீற்றர் தூரமும் சில ஆயிரத்திலொரு பங்குச் செக்கன் நேரமுமேயாம்.

இவ்வுண்மை ஒரு நாளில் உணரப்பட்டதன்று. 1935 மே மாதத்தில், அரேபியாவிற் புகழீட்டிய ரி. ஈ. லோரன்ஸ் என்பார் இங்கிலாந்தில் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, தலையிற் காயமுற்று, ஆறு நாட்களின் பின் இறந்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரவைத்தியர். இத்தகைய சாவுகளைத் தடுத்தல் கூடுமா என ஆராயத் தொடங்கிய அவர், 1941இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கவசம் அணிந்திருந்தபோது விபத்துக்குள்ளான மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் எழுவரையே அப்பொழுது அவராற் காட்டமுடிந்தது. அவ்வெழுவரும் உயிர் பிழைத்திருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானியத் தரைப்படை தன் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

அக்காலத்துக் கவசங்கள் வன்மையான ஓட்டையும் அதனுள்ளே தலையைத் தாங்கும் வார்களையும் கொண்டவை. ஓட்டுக்கும் தலைக்கும் இடையே நசுங்கிச் சக்தியை உறிஞ்சும் படையொன்று வேண்டுமென்னுங் கருத்தை, ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் லொம்பாட்டும் அவரோடு உழைத்த ஹேர்மன் றொத்தும் உருப்படுத்தினர். 1947இல் அவர்கள் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1953இல் வழங்கப்பட்டது. பனிச்சறுக்கு உலகம் இதனை ஏற்கச் சில காலஞ் சென்றது. 1959 பெப்ரவரியில், யேர்மனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற இறக்கப் போட்டியில், தோலாலாகிய கவசம் அணிந்திருந்த கனடிய வீரர் ஜோன் செமலிங்க் வீழ்ந்து இறந்தார். அதன் பின்னரே இறக்கப் போட்டிகளில் வன்கவசம் கட்டாயமாயிற்று. பொழுதுபோக்காகச் சறுக்குவோரிடையே கவசம் பரவியதோ இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம்.

இன்றைய பனிச்சறுக்குக் கவசத்தில் இன்றியமையாதவை மூன்று. முதலாவது புறவோடு. இஃது ஏபிஎஸ் அல்லது பொலிகாபனேற்று என்னும் பிளாத்திக்கினாலாயது. பாறையின் கூர்முனை உட்புகாமற் காத்தலும், ஓரிடத்தில் உறும் விசையைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளித்தலும் இதன் தொழில்கள். இரண்டாவது உட்படை. இதுவே கவசத்தின் உயிர்நிலை. பெரும்பாலும் விரிந்த பொலிஸ்ரைரீன் என்னும் நுரைப்பொருளாற் செய்யப்படும் இது, வானொலிப் பெட்டி முதலியவற்றைப் பொதிந்துவரும் ரெஜிபோமுக்கு இனமானது; அதனினுஞ் செறிவு மிக்கது. மூன்றாவது நாடியிற் பூட்டும் வார். வீழ்ச்சியில் முதல் மோதலோடு விபத்து முடிவதில்லை; உருண்டு செல்பவனின் தலை மீண்டும் மீண்டும் மோதக்கூடும். வார் பூட்டப்படாத கவசம் முதல் மோதலிலேயே கழன்று அகலுமாதலின், அஃது இருந்தும் இல்லாததே.

உட்படையின் தொழிற்பாடு நுணுகி நோக்கத்தக்கது. சிறு மணிகளாகிய பொலிஸ்ரைரீன் நீராவியால் விரிக்கப்பட்டு அச்சில் வார்க்கப்படும்போது, ஒவ்வொரு மணியும் காற்று நிறைந்த எண்ணிறந்த நுண்ணறைகளின் தொகுதியாகின்றது. மோதலின்போது இவ்வறைகளின் மெல்லிய சுவர்கள் வரிசை வரிசையாக மடிந்து உடைகின்றன. ஒவ்வொரு சுவரும் உடைவதற்குச் சிறிது சக்தி வேண்டும். தலையின் இயக்கப்பாட்டுச் சக்தி இவ்வாறு நுரையின் அழிவிற் செலவாகின்றது. நுரை ஏறக்குறைய ஒரே அளவான எதிர்ப்பைக் காட்டிக்கொண்டே நசுங்குவது இதன் தனிச்சிறப்பு. வில்லைப்போல் அமிழ்ந்து பின் எழும் பொருள், தான் ஏற்ற சக்தியைத் தலைக்கே திருப்பித் தரும். நுரையோ பெற்றதைத் தன்னுள் வைத்து அழிகின்றது.

ஆகவே உடைதல் கவசத்தின் குறையன்று, அதன் கடமை. இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. கடுமையான மோதலொன்றைத் தாங்கிய கவசம் புறத்தே பழுதின்றித் தோன்றினும், அவ்விடத்து நுரை நசுங்கியிருக்குமாதலின், மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று. இக்குறையை ஒருவாறு நீக்கும்பொருட்டு விரிந்த பொலிபுரொப்பிலீன் நுரையாற் செய்த கவசங்களும் உள. இந்நுரை நசுங்கியபின் மெல்ல மெல்லத் தன் பழைய உருவை எய்துமாதலின், பல சிறு மோதல்களுக்கு உதவும். நுரைக்குப் பதிலாகத் தேன்கூட்டைப் போன்று அடுக்கிய மெல்லிய குழாய்களை அமைப்பாரும் உளர்.

நுரையின் செறிவை வரையறுப்பதிற் கவசஞ் செய்வோன் ஓர் இக்கட்டை எதிர்நோக்குகின்றான். நுரை மிக இறுகியதாயின் பெரிய மோதலைத் தாங்கும். சிறிய மோதலில் நசுங்காது நின்று விசையைத் தலைக்குச் செலுத்திவிடும். மிக மெல்லியதாயின் சிறிய மோதலில் நன்கு உதவும். பெரிய மோதலில் முற்றாக நசுங்கி முடிந்தபின் தலை வன்மையான அடித்தளத்தில் மோதியதற்கு ஒப்பாகும். கவசத்தைப் பருக்கச் செய்தால் இரண்டிற்கும் இடமுண்டு; ஆயின் பாரமும் பருமையும் மிகின் மக்கள் அணியார். அணியப்படாத கவசம் எவரையும் காப்பதில்லை. எனவே கடையில் விற்கப்படும் ஒவ்வொரு கவசமும் ஒரு குறித்த அளவான மோதலைக் கருதிச் செய்த சமரசமேயாகும்.

அக்குறித்த அளவு யாது என்பதைத் தரநிர்ணயங்கள் காட்டும். 1996இல் வெளியிடப்பட்டு 2007இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தரநிர்ணயம் 1077 என்னும் இலக்கமுடையது. உலோகத்தாலாகிய போலித்தலையிற் கவசத்தைப் பூட்டி, ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தின்மேல் வீழ்த்துவர். போலித்தலையின் அமர்முடுகல் புவியீர்ப்பின் 250 மடங்கைக் கடத்தலாகாது. பிளாத்திக்குக் குளிரில் நொறுங்குந் தன்மையடையுமாதலின், பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை சதம வெப்பநிலையிலும் சோதனை நிகழும். செவியையும் வன்மையான ஓட்டால் மூடுவது முதல் வகுப்பு. செவியை மென்பொருளால் மட்டும் மூடுவது இரண்டாம் வகுப்பு. அமெரிக்கத் தரநிர்ணயம் இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து வீழ்த்தி 300 மடங்கை எல்லையாகக் கொள்ளும். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம், அதிவேகப் போட்டியாளருக்கு இவை போதாவெனக் கருதி, 2013-14ஆம் பருவந் தொடக்கம் செக்கனுக்கு 6.8 மீற்றர் வேகத்தில் நிகழுஞ் சோதனையொன்றையும் விதித்தது. இவ்வேகத்தின் மோதற் சக்தி ஐரோப்பியச் சோதனையினதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது.

இச்சோதனைகள் யாவும் தலை நேராக வீழ்ந்து நேராக நிற்பதையே அளப்பன. ஆயின் சறுக்குபவன் பெரும்பாலும் சரிவாக வீழ்கின்றான். சரிவான மோதல் தலையை நிறுத்துவதோடு சடுதியாகத் திருப்பவுஞ் செய்யும். இத்திருப்பத்தின் கேட்டை முதலில் விளக்கியவர், கேர்ன்ஸோடு ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய ஹோல்போன் என்னும் பௌதிக அறிஞர். 1943இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் வருமாறு: மூளை நீரைப்போன்று அமுக்கத்திற்கு எளிதில் இசையாது, ஆயின் ஒரு படை மற்றைப் படையின்மேல் வழுக்கிப் பிறழ்வதற்கு மிக எளிதில் இசையும். ஆதலின் நேரான தள்ளுகையினும் திருப்பமே மூளையின் இழைகளை மிகுதியும் சிதைக்கும். ஜெலற்றினால் மூளையுருவம் வார்த்து அவர் இதனைச் சோதித்துங் காட்டினார்.

நீர் நிறைந்த செம்பொன்றைச் சடுதியாகத் திருப்பினால், செம்பு திரும்பும். நீர் சடத்துவத்தாற் பின்தங்கும். அவ்வாறே மண்டையோடு திரும்ப, மூளை பின்தங்குகின்றது. அப்பொழுது மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குச் செல்லும் நாளங்கள் இழுபட்டு அறுவதும், உள்ளேயுள்ள நீண்ட நரம்பிழைகள் நீட்சியுற்றுப் பழுதடைவதும் உண்டு. மண்டையோட்டில் ஒரு கீறலேனும் இன்றியே இவை நிகழக்கூடும்.

ஹோல்போனின் கருத்துக் கவசத்தின் அமைப்பில் இடம்பெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. சுவீடனின் மூளைச் சத்திரவைத்தியர் ஹன்ஸ் வொன் ஹோல்ஸ்ற், ஸ்ரொக்ஹோம் அரச தொழினுட்பக் கழகத்து ஆய்வாளர் பீற்றர் ஹல்டினோடு கூடி, 1996 தொடக்கம் இதனை ஆராய்ந்தார். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையேயுள்ள பாய்பொருள் மூளை சிறிது வழுக்க இடந்தருகின்றது. அத்தகைய வழுக்கலைக் கவசத்துக்கும் தலைக்கும் இடையிலும் உண்டாக்கினால் என்ன என்பதே அவர்கள் எண்ணம். நுரைப்படையின் உட்புறத்தே உராய்வு குறைந்த மெல்லிய தகடொன்றை, நெகிழுந் தன்மையுடைய சிறு பிணைப்புக்களால் தொடுத்தனர். சரிவான மோதலில் கவசம் தலையின்மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை வழுக்கித் திரும்பும். அவ்வளவிற்குத் தலையின் திருப்பம் குறையும். 'மிப்ஸ்' என வழங்கும் இவ்வமைப்பை ஆக்க 2001இல் நிறுவனம் தோன்றிற்று. 2007இல் குதிரையேற்றக் கவசமொன்றில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பனிச்சறுக்குக் கவசங்களிலும் பரவியது. நுரை நேரான மோதலுக்குத் தூரத்தை அளிப்பதுபோல், இத்தகடு திருப்பத்திற்குத் தூரத்தை அளிக்கின்றது. தத்துவம் ஒன்றே, திசையே வேறு.

இனிப் பயன் எத்தகையது என்பதை நோக்கலாம். நோர்வேயின் எட்டுப் பனிச்சறுக்குக் களங்களில் நிகழ்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்று, கவசம் அணிதல் தலைக்காயத்தின் வாய்ப்பை நூற்றுக்கு 60 அளவிற் குறைப்பதைக் காட்டியது. இத்தாலி 2005இல் 14 வயதுக்குட்பட்டோருக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கி, 2022இல் அவ்வயதெல்லையை 18 ஆக உயர்த்தி, 2025 நவம்பரில் எல்லோருக்கும் விரித்தது. ஐக்கிய அமெரிக்காவிற் கவசம் அணிவோர் தொகை 2002-03ஆம் பருவத்தில் நூற்றுக்கு 25 ஆயிருந்து, 2013-14ஆம் பருவத்தில் 73 ஆக உயர்ந்தது. எனினும், அங்கே சறுக்குக் களங்களில் நேரும் சாவுகள் அதற்கேற்பக் குறைந்தில. ஒருபால் காயம் குறைய, மற்றொருபால் சாவு குறையாதிருப்பது முரண்போலத் தோன்றும்.

கணக்கு இம்முரணைத் தீர்க்கும். மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் செக்கனுக்கு 12 மீற்றர் செல்கின்றான். ஐரோப்பியச் சோதனையின் வேகத்திற்கு இஃது இரு மடங்கினுஞ் சற்று மேற்பட்டது. ஆயின் இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், சக்தியோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. அவ்வேகத்தில் மரத்தை நேரே மோதும் தலையை இரண்டு சென்ரிமீற்றருள் சீராக நிறுத்தினாலும், அமர்முடுகல் புவியீர்ப்பின் 360 மடங்கைக் கடக்கும். பனியின்மேல் வீழ்பவனுடைய தலை நிலத்தை நோக்கி வரும் வேகம் அவன் சறுக்கும் வேகத்தினும் மிகக் குறைந்தது. அத்தகைய வீழ்ச்சிகளே பல. அவற்றிற் கவசம் தன் கடனைச் செவ்வனே ஆற்றுகின்றது. மரத்தையும் பாறையையும் முழு வேகத்தோடு மோதுதல் சில. சாவுக்குப் பெரிதும் காரணமாவன அவையே. அவற்றுக்கு எக்கவசமும் முற்றாக ஈடுகொடாது.

ஆதலின் கவசம் அணிந்தோம் என்னுந் துணிவால் வேகத்தை மிகுவிப்பவன், கவசம் ஈட்டித் தந்ததைத் தானே செலவிட்டு விடுகின்றான். வேகத்தை இரு மடங்காக்குதல் ஒரு கணத்தில் இயலும். நுரையின் தடிப்பை நான்கு மடங்காக்குதல் எக்காலத்தும் இயலாது. வேகத்தை அடக்கும் அறிவும் கவசமும் ஒன்றுக்கொன்று துணையேயன்றி, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றன்று. இன்னுமொன்று. கவசம் அணிந்தோ அணியாமலோ தலை மோதுண்டவன், நோவின்றி நடந்து பேசினாலும், மருத்துவரைக் காணுதல் வேண்டும். றிச்சாட்சனின் முடிவு உலகுக்குப் புகட்டிய பாடம் இதுவே.

பனி பெய்யாத இலங்கைக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என ஒருவர் வினாவலாம். இதன் தோற்றுவாயே மோட்டார்ச் சைக்கிள் விபத்தென்பது மேலே கூறப்பட்டது. இந்நாட்டு வீதிகளில் மோட்டார்ச் சைக்கிளோட்டுவோர் அணியும் கவசத்தினுள் இருப்பதும் அதே இனத்து நுரைப்படையே. அதனை ஆளும் விதிகளும் அவையே. வாரைப் பூட்டாது தலையில் வைத்தாலும், ஒருமுறை அடிபட்டதை மீண்டும் அணிந்தாலும், கவசத்தை நம்பி விரைந்தாலும் அங்கு நேரும் கேடே இங்கும் நேரும். தலைக்கவசம் இரண்டு சென்ரிமீற்றர் தூரத்தை மட்டுமே தரவல்லது. அத்தூரம் போதுமானதாயிருக்குமாறு செல்லுதல் அணிவோன் பொறுப்பாகும்.